அடுப்பங்கரைச் சிக்கனமும் ஆடவர் செலவும்

சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்வது எளிது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஸ்திரீகளாக இருப்பதால் அது இன்னும் எளிதாகிவிடுகிறது. எண்ணெயை அளந்து ஊற்று, புளியைச் சிறிதாக உருட்டு, பழைய புடவையைத் தலையணை உறையாக்கு என்று சொல்லாத பெரியவர் நம் நாட்டில் இல்லை. இவை யாவும் நல்ல யோசனைகளே. ஆனால், சேந்தமங்கலம் போன்ற ஓர் ஊரில் தினக்கூலியையும் வாரச் சம்பளத்தையும் நம்பிக் குடித்தனம் நடத்தும் பெண்மணிக்கு இவற்றை ஒருவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அவளிடம் நாம் பாடம் கேட்கலாம். ஆராய வேண்டிய விஷயம் வேறு. குடும்பத்தின் பணம் அடுப்பங்கரைக்கு வந்து சேருமுன் வழியில் எவ்வளவு சிந்திப் போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறான், மனைவி பக்கத்துக் கோழிப்பண்ணைக்குப் போகிறாள், குழந்தைகள் இரண்டு. இருவர் சம்பாத்தியமும் சேர்ந்து மாதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலை விட்டு வரும் வழியில் கணவன் மதுக்கடையில் நாளொன்றுக்கு 150 ரூபாய் கொடுத்தால், 26 வேலை நாட்களுக்கு 3,900 ரூபாய் ஆகிறது. டீ, வடை, பீடி, சிநேகிதருக்கு உபசாரம் என்று நாளைக்கு 60 ரூபாய் போனால் 1,560 ரூபாய். ஆக 5,460 ரூபாய். வருமானத்தில் கால் பங்குக்கு மேல். மனைவியோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, எண்ணெயிலும் பருப்பிலும் மாதம் 300 ரூபாய் மிச்சம் பிடிக்கிறாள். கணவனுடைய ஒரு மாதச் செலவுக்கு ஈடுகட்ட அவள் பதினெட்டு மாதம் வயிற்றைக் கட்ட வேண்டும். இந்த நிலையில் அவளுக்கு நாம் சிக்கனம் போதிப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

குடியாதவர்கள் இதைப் படித்து மகிழ்ந்துவிட வேண்டாம். அவர்களுக்கும் பின்னால் ஒரு பங்கு வைத்திருக்கிறோம்.

மேற்சொன்ன கணக்கு இவ்வூருக்குப் புதியதன்று. நாமக்கல் தனி ஜில்லாவானது 1997-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் சேந்தமங்கலம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்தச் சேலம் ஜில்லாவில்தான் 1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை, சென்னை ராஜதானியிலேயே முதன்முதலாக, மதுவிலக்கை அமலுக்குக் கொண்டுவந்தது. ராஜாஜி அந்த ஜில்லாவின் குடும்பங்களை அறிந்தவர். சேலத்தில் வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்தவர். மதுவிலக்குக்கென்றே 1929-இல் 'விமோசனம்' என்னும் பத்திரிகையை அங்கிருந்து நடத்தியபோது, அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி.

அந்தப் பரீட்சையின் பலன் என்ன? சென்னைச் சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் அதை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். முன்பு குடித்துக்கொண்டிருந்த குடும்பங்களில் சாப்பாடும் துணியும் முன்னைவிட மேலாயின. கடன் அடைபடத் தொடங்கிற்று. அந்தச் சட்டம் எவனுடைய கூலியையும் ஒரு காசுகூட உயர்த்தியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கைக்கு வந்த பணம் போகும் வழியை மாற்றியது, அவ்வளவே. கள்ளத்தனமாகக் காய்ச்சியவர் ஒருவரும் இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும் அந்நாட்களில் இந்த ஜில்லாவின் பல குடிசைகளில் சாயங்காலம் அடுப்பு எரிந்தது என்றால், அது எண்ணெயை அளந்து ஊற்றியதனால் அன்று.

இங்கே ஒரு விநோதத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மதுவின் வருமானத்தைத் துறந்த சர்க்காருக்கு வேறு வருமானம் வேண்டியிருந்தது. அதற்காகவே 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. அந்த வருஷமே மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. யுத்த காலத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது, 1948-இல் ராஜதானி முழுவதற்கும் வந்தது, 1971-இல் தளர்த்தப்பட்டது. அப்புறம் கடைகளை மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக் என்னும் சர்க்கார் நிறுவனமே நடத்தி வருகிறது. மது திரும்பி வந்துவிட்டது. மதுவுக்கு ஈடாக வந்த வரி திரும்பிப் போகவில்லை. 2017 ஜூலையில் அது பெரும்பாலும் ஜி.எஸ்.டி.க்குள் அடங்கிவிட்டது. ஆகவே சேந்தமங்கலத்துக் கூலிக்காரன் சோப்பு வாங்கும்போது ஒரு வரியும், குப்பி வாங்கும்போது அதைவிடப் பெரிய வரியும் செலுத்துகிறான். 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையாக வருகிறது, வரவேற்க வேண்டியதே. ஆனால் நம் கணக்கின்படி, கணவன் ஏழு நாள் கடைக்குப் போனால் அந்த ஆயிரம் ரூபாய் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறது!

இனிக் குடியாதவர்களின் பங்குக்கு வருவோம். அது கடன். தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் என்று எழுதி வாங்கினால் 8,500 ரூபாய் கையில் கிடைக்கிறது. தினம் 100 ரூபாயாக நூறு நாளில் அடைக்க வேண்டும். "வட்டி 1,500 தானே" என்று நினைப்பவர் பலர். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போவதால், சராசரியாக அவர் கையில் இருந்த பணம் அதில் பாதிதான். காலமோ ஒரு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வருஷ வட்டியாகப் பார்த்தால் நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் ஒரு சட்டமும், கடன் வசூலில் நடக்கும் பலாத்காரத்தைத் தடுக்க 2025-இல் ஒரு சட்டமும் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால், கையெழுத்துப் போடுமுன் கணக்குப் போடும் புத்தியைச் சட்டம் தர முடியாது. வீட்டில் குந்துமணிப் பொன் இருந்தால், அதைக் கூட்டுறவுச் சங்கத்திலோ பாங்கியிலோ அடகு வைத்து அந்தத் தண்டலை அடைப்பது எவ்வளவோ மேல். வட்டி அதில் ஒரு சிறு பங்கே ஆகும். நகையை ஏன் வைக்க வேண்டும், ஊர் என்ன சொல்லும் என்ற மானப் பிரச்னையைப் பெரும்பாலும் கிளப்புகிறவர்கள் ஆண்களே.

அந்தக் கடன் எதற்காக வாங்கப்பட்டது என்று விசாரித்தால், வைத்தியச் செலவுக்கு என்பது சில இடங்களில். காதுகுத்துக்கும் சீருக்கும் என்பது பல இடங்களில். மொய் வரும், அடைத்துவிடலாம் என்று துணிகிறார்கள். மொய்யும் கடன்தானே? நோட்டில் எழுதி வாங்கிய ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நாள் திருப்பிச் செய்தாக வேண்டும். இதற்கு மேல் வாசலில் ஆள் உயரத்துக்குப் பிளக்ஸ் பேனர் வேறு. மூன்று நாள் வெயிலில் காயும் அந்தப் பேனரின் விலையில் குழந்தைக்கு வருஷத்துக்கு வேண்டிய நோட்டுப் புத்தகம் வாங்கலாம். கட்சி விழாக்களுக்குப் பேனர் கட்டும் நம் நண்பர்களும் இதைச் சற்று யோசிப்பார்களாக.

சாப்பாட்டு விஷயத்தில் சேந்தமங்கலத்தாருக்குக் குறையில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். ரேஷன் துவரம்பருப்பும் பாமாயிலும் வெளிக்கடை விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கின்றன. கொல்லிமலைக்கு ஏறும் பாதை இவ்வூர் வழியாகப் போகிறது. வாழையும் பலாவும் அன்னாசியும் அதே பாதையில் இறங்கி வருகின்றன. பருவத்தில் அவற்றை வாங்குகிறவன் பட்டணத்தான் கொடுக்கும் விலையைக் கொடுக்க வேண்டுவதில்லை. முட்டைக்குப் பேர்போன சீமை இது. கீறல் விழுந்த முட்டை விலை குறைவு. அன்றே வாங்கி அன்றே நன்றாக வேகவைத்தால் குழந்தைகளுக்குச் சத்தான ஆகாரம். கேழ்வரகுக் களியையும் கம்பங்கூழையும் பத்திய உணவென்று டாக்டர் சொன்ன பிறகுதான் சாப்பிட வேண்டுமென்பதில்லை. கொல்லையில் முருங்கை இருந்தால் கீரைக்குக் காசு ஏது? இவை யாவும் பெண்மணிகள் அறிந்தவையே. பொட்டலத்தில் வரும் நொறுக்குத் தீனியைத் தகப்பன்மார் வாங்கி வராமல் இருந்தால் போதும்.

ஆகவே நாம் கூறும் யோசனை ஆடவருக்கே. சனிக்கிழமைச் சம்பளத்தை வழியில் எங்கும் நில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், முழுவதையும் மனைவி கையில் கொடுக்க வேண்டும். பஸ்ஸுக்கும் டீக்கும் வேண்டியதை அவளிடமிருந்து அளவாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். இதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. லாரி முதலாளி டிரைவருக்கு வழிச்செலவைக் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினால் போதும். வரவை இடது பக்கமும் செலவை வலது பக்கமும் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண் குழந்தை வீட்டில் இருந்தால், எழுதும் வேலையை அவளிடம் ஒப்படைப்பது உத்தமம். "இன்றைக்கு எவ்வளவு, அப்பா?" என்று அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது, அந்த 150 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதச் சொல்வது என்று தகப்பன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கும்.