புகைக்கு வழி விடுங்கள்
பட்டறைக் குறிப்புகள் – 17

"ஏனுங்ணா, வெள்ளையா வர வேண்டிய எழுத்து டீத்தூள் நெறத்துல கெடக்குது?"

கணபதியில் பேனல் போர்டு அசெம்பிள் செய்யும் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு பட்டையை என் மேசையில் வைத்தார். கறுப்புத் தகட்டில் 'மெயின் இன்கமர்' என்று வெள்ளை எழுத்து. வெள்ளை என்று பேருக்குத்தான். வேறெங்கோ அடித்து வாங்கியது. "மெஷின் சரியில்லைங்களா?" என்றார். நகத்தால் சுரண்டினேன். பழுப்பு பொடியாக உதிர்ந்தது; அடியில் பளிச்சென்று வெள்ளை. பிளாஸ்டிக் கருகவில்லை, அதன் புகை படிந்திருக்கிறது. லேசர் வேலையில் பாதிக் குறை இந்த வகைதான்.

நாங்கள் டபுள் கலர் ஷீட் என்று சொல்லும் தகடு பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். மேலே ஒரு நிறத்தில் மெல்லிய தோல், அடியில் இன்னொரு நிறத்தில் உடம்பு. தோலை உரித்தால் உடம்பின் நிறம் எழுத்தாகிவிடும். பாண்டோகிராஃப் காலத்தில் பித்தளை எழுத்தின் பள்ளத்தில் ஊசியை ஓட்டுவோம். அந்தப் பக்கம் கட்டர் சுற்றிச் சுற்றிச் செதுக்கும். அதற்கென்று வந்த ஷீட்டில் தோல் தடிமன். லேசருக்கென்று வருவதில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. விலை மலிவு என்று பழைய ரகத்தை வாங்கி லேசருக்குக் கீழே வைப்பவர்கள், தோல் உரியவில்லையே என்று பவரை ஏற்றுவார்கள். உடம்பு உருகிக் குழையும்.

உடம்பு எந்தச் சரக்கு என்பதும் முக்கியம். கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அதன் 10.6 மைக்ரான் ஒளியை அக்ரிலிக் அப்படியே விழுங்கி ஆவியாகிவிடும். ஓரம் வெட்டினாற்போல் நிற்கும். ஏபிஎஸ் அப்படியல்ல, நூல் நூலாக உருகிக் கரியைக் கக்கும். வளையாத பெயர்ப்பட்டைக்கு நான் அக்ரிலிக் உடம்பைத்தான் எடுப்பேன். பிவிசியை மட்டும் கடைக்குள்ளேயே விடக் கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் அரிக்கும், மெஷினின் தண்டவாளத்தையும் அரிக்கும். பேர் தெரியாத ஷீட் வந்தால் ஒரு செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ஷீட்டில் ஒற்றி, திரும்பத் தீயில் காட்டுவேன். தீ பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். ஷீட்டை வந்த வழியே அனுப்பிவிடுவேன்.

இனி புகை. பெரும்பாலான மெஷின்களில் புகையை இழுக்கும் வாய் பின்பக்கம் இருக்கும். லேசர் தலை பின்னாலிருந்து அடிக்க ஆரம்பித்து முன்னால் வந்தால், ஒவ்வொரு வரியின் புகையும் ஏற்கெனவே முடிந்த எழுத்தின் மேல் தவழ்ந்துதான் வெளியே போகும். அந்தத் தம்பியின் பட்டையில் மேல் வரி அதிகப் பழுப்பு, கீழ் வரி அவ்வளவு இல்லை. கதை அதிலேயே தெரிந்துவிட்டது. கீழிருந்து மேலே அடிக்கும்படி சாஃப்ட்வேரில் மாற்றினால், புகை இன்னும் அடிக்காத தோலின் மேல் போய் உட்காரும். அங்கே துடைத்தால் வந்துவிடும். காசு செலவில்லாத வைத்தியம். ஆனாலும் பத்தில் ஒருவர்கூடச் செய்வதில்லை.

என்னுடைய 60 வாட் மெஷினில் வேகம் நொடிக்கு 300 மில்லிமீட்டர், பவர் 15 சதவீதத்தை ஒட்டி. இதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். டியூப் பழசாகப் பழசாக எண் மாறும். ஷீட்டின் மூலையில் சின்னச் சின்னக் கட்டமாக அடித்துப் பார்ப்பதுதான் கணக்கு. தோல் போனதும் நிறுத்த வேண்டும், உடம்பைத் தோண்டக் கூடாது. வரிக்கு வரி இடைவெளி மிக நெருக்கமாக இருந்தால் ஒரே இடத்தில் சூடு ஏறி ஓரம் குழையும். ஒரே அடியில் முடிக்கப் பார்க்காமல், பவரைக் குறைத்து இரண்டாம் தடவை ஓட்டினால் ஒட்டியிருக்கும் தூசியும் போய்விடும். காற்றுக் குழாயை லென்ஸைக் காக்கும் அளவுக்கு மட்டும் திறந்தால் போதும். பலமாக ஊதினால் புகையை எழுத்துக்குள்ளேயே அழுத்தும்.

துடைப்பதில் நான் ஒரு தடவை நன்றாகப் பட்டிருக்கிறேன். ஒரு மோட்டார் கன்ட்ரோல் பேனலுக்கு 64 பட்டைகள். ராத்திரி அடித்து முடித்து, சீக்கிரம் சுத்தமாகட்டும் என்று ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்து அடுக்கிவிட்டுப் போனேன். காலையில் வந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரமெல்லாம் மயிரிழை விரிசல், சிலந்தி வலை மாதிரி. லேசர் வெட்டிய ஓரத்தில் சூட்டின் இறுக்கம் அப்படியே தங்கியிருக்கும். அக்ரிலிக்கில் ஸ்பிரிட் பட்டதும் அந்த இறுக்கம் விரிசலாக வெளியே வரும். 64ஐயும் திரும்ப அடித்தேன். அன்றிலிருந்து பாத்திரம் தேய்க்கும் சோப்பு கரைத்த தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும்தான்.

வெட்டும் வேலையில் சொல்ல அதிகமில்லை. எழுத்தை முதலில் அடித்து, கடைசியில் வெட்ட வேண்டும். முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்து எழுத்து கோணும். இந்தத் தடவை காற்றைத் தாராளமாகத் திறக்கலாம். ஷீட்டை மெஷினின் தேன்கூடு போன்ற இரும்புத் தட்டின் மேல் படுக்க வைக்காமல் நாலு முளை வைத்துத் தூக்கினால், கதிர் இரும்பில் பட்டுத் திரும்பி அடியில் தழும்பு போடாது.

தம்பியின் பட்டையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்தே பாதிக்கு மேல் வெள்ளையாக்கிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. கிளம்பும்போது பையிலிருந்து தேக்கு நிறத்தில் ஒரு சன்மைக்கா துண்டை எடுத்தார்.

"இதுல அடிக்கலாமுங்களாண்ணா?"

சன்மைக்கா உருகாது, கருகும். பிசினில் ஊறிய காகித அடுக்கு அது. துண்டை வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

(தொடரும்)