உங்களுக்குத் தெரியுமா? கேமரா ஏன் 'ஆஃப்லைன்' போகிறது?

வீட்டு வைஃபை கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். உங்கள் போனோ 5 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். முதல்முறை இணைக்கும்போதே தகராறு செய்தால், ரவுட்டரில் 5-ஐக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு இணைத்துப் பாருங்கள். இணைந்தபின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான், 2.45 கிகாஹெர்ட்ஸில். குழம்பு சூடாகும் நேரத்தில் மட்டும் சமையலறைப் பக்கத்துக் கேமரா திக்கினால் யாரைச் சந்தேகிப்பது என்று புரிந்திருக்கும்.

பகலெல்லாம் பளிச்சென்று ஓடிவிட்டு, இருட்டியதும் அடிக்கடி துண்டிக்கிறதா? வைஃபையைத் திட்டாதீர்கள். இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். கூடுதல் கரண்ட் கேட்கும். கேட் வரை இழுத்த நீளமான, மெல்லிய யூஎஸ்பி ஒயரில் 5 வோல்ட் போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிடும். கேமரா அணையும், எழும், விளக்கைப் போடும், மறுபடி அணையும். விடிந்தால் நல்லபிள்ளை! இதற்காக ரவுட்டரை மாற்றுவது தண்டச் செலவு. பெட்டியில் வந்த அடாப்டரையே போடுங்கள். பிளக் பாயிண்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒயர் குட்டையாக இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் 'வயர்லெஸ்' என்று அச்சடித்திருப்பது படத்துக்குத்தான், பேட்டரி இல்லாத கேமராவில் கரண்டுக்கு அல்ல.

சிக்னல் அளவை சில ஆப்கள் மைனஸ் எண்ணில் காட்டும். -60 நல்லது, -80 என்றால் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி மூன்றுமே அலையை விழுங்கும் அல்லது தடுக்கும். நிலைக்கண்ணாடியும்தான்: அதன் பின்பூச்சு உலோகம்.

வெளியூரிலிருந்து பார்க்கும்போது மட்டும் படம் உறைகிறதா? வீட்டு நெட்டின் அப்லோடு வேகத்தைச் சோதியுங்கள். டவுன்லோடு எத்தனை இருந்தாலும் இங்கே உதவாது.

நெட் போனால் பதிவும் போய்விடும் என்பதில்லை. மெமரி கார்டு போட்ட பல கேமராக்கள் கரண்ட் இருக்கும்வரை பதிவு செய்துகொண்டேதான் இருக்கும்.

கேமராவின் பாஸ்வேர்டும் முக்கியம். 2016 அக்டோபரில் ஓர் இணையத் தாக்குதலால் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலான தளங்கள் அமெரிக்காவில் முடங்கின. தாக்கியவற்றில் ஏராளமானவை கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட இணையக் கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டிகளும். அவற்றைப் பிடித்திருந்த 'மிராய்' என்ற நச்சு நிரல் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கியது. அணைத்துப் போட்டால் ஓடிவிடும். பாஸ்வேர்டு பழையதாகவே இருந்தால் மறுபடி வந்துவிடும்.

புது ரவுட்டர் வாங்குகிறீர்களா? பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் ஓர் எழுத்தும் பிசகாமல் அதிலும் வையுங்கள். பாதுகாப்பு முறையும் பழையபடி இருந்தால் கேமராக்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றாக ரீசெட் பட்டனை அமுக்கும் வேலை மிச்சம்.