சாராயப் பீப்பாவில் சேர்ந்த சில்லறை: ஹிரோஷிமா கார்ப் அணியின் கதை

1951 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஹிரோஷிமாவின் பேஸ்போல் மைதான வாசலில் 'சாக்கே' எனும் அரிசி மதுவை அடைக்கும் பெரிய மரப் பீப்பாக்கள் வைக்கப்பட்டன. ஆட்டம் பார்க்க வந்த மக்கள் கையிலிருந்த சில்லறைகளை அவற்றில் போட்டார்கள். விளையாடும் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே அந்தப் பணம்.

அணுகுண்டு விழுந்து அப்போது ஆறு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. 1945 ஓகஸ்ட் 6 காலை 8.15 இற்கு வீசப்பட்ட அந்த ஒரு குண்டினால், அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. உயிர் தப்பியவர்கள் தகரக் கொட்டில்களில் வாழ்ந்துகொண்டு, கதிர்வீச்சு தந்த நோயையும் சுமந்தார்கள். அப்படியொரு ஊர் எதற்காகப் பந்து விளையாட்டுக்குக் காசு சேர்த்தது என்ற கேள்விதான் இந்த அணியின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

ஜப்பானில் அக்காலத்தில் தொழில்முறை பேஸ்போல் அணிகள் பலவும் புகையிரத நிறுவனங்களுக்கோ பத்திரிகை நிறுவனங்களுக்கோ சொந்தமாக இருந்தன. 1949 இன் இறுதியில் தொடங்கப்பட்டு 1950 இல் களமிறங்கிய 'ஹிரோஷிமா கார்ப்' அணிக்கு அப்படி ஒரு முதலாளி கிடையாது. உள்ளூராட்சி மன்றங்களும் ஊர் மக்களும் கொடுத்ததே அதன் முதல். கார்ப் என்பது கெண்டை மீன். ஹிரோஷிமாக் கோட்டைக்குக் 'கெண்டைக் கோட்டை' என்றொரு பழைய பெயர் உண்டு. குண்டு அந்தக் கோட்டையையும் விட்டுவைக்கவில்லை.

முதல் ஆண்டிலேயே கடைசி இடம். சம்பளம் கொடுக்க வழியில்லை. 1951 மார்ச்சில் அணியைக் கலைப்பது அல்லது வேறொரு அணியுடன் இணைப்பது என்ற நிலை வந்தது. பயிற்றுநர் ஷூயிச்சி இஷிமோட்டோ விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் ஊராகப் போய் ஆதரவாளர் சங்கங்களை அமைத்தார், மக்களிடம் கை நீட்டினார். பீப்பாக்கள் வந்தது அப்போதுதான். அவ்வாண்டும் கடைசி இடமே. 1952 இல் வெற்றி வீதம் 30 சதவீதத்துக்குக் கீழே போகும் அணி நீக்கப்படும் என்று விதி வந்தது. கார்ப் 31.6 சதவீதத்துடன் மயிரிழையில் தப்ப, அதற்கும் கீழே நின்ற வேறோர் அணி காணாமற் போனது.

'பேஸ்போல் ஹிரோஷிமாவைக் குணப்படுத்தியது' என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கதிர்வீச்சு நோயை எந்த விளையாட்டும் ஆற்றாது; இறந்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள். எல்லாம் பறிபோன மக்களுக்கு 'இது எங்களுடையது' என்று சொல்ல ஒன்று இருந்தது. தோற்றாலும் அது அவர்களுடையதுதான். அவ்வளவே. ஆனால் அது சின்ன விடயமும் அல்ல.

1957 இல் உள்ளூர் நிறுவனங்களின் நன்கொடையோடு மாநகர மைதானம் திறக்கப்பட்டது. அது அமைந்த இடம், கூரை எரிந்து எலும்புக்கூடாக நிற்கும் அணுகுண்டு நினைவுக் கட்டடத்துக்கு நேரெதிரே.

முதல் வெற்றிக்காக 25 ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1972, 73, 74 மூன்றிலும் கடைசி இடம். 1975 இல் ஜோ லுட்ஸ் என்ற அமெரிக்கர் பயிற்றுநராக வந்து தொப்பியைச் சிவப்பாக மாற்றினார். சில வாரங்களிலேயே சண்டை பிடித்துக்கொண்டு போய்விட்டார். தொப்பியின் சிவப்பு மட்டும் நிலைத்தது. ஒக்டோபர் 15 அன்று ரோக்கியோவில், செல்வாக்கு மிக்க ஜயன்ட்ஸ் அணியை 4-0 என வென்று கார்ப் லீக் கிண்ணத்தை உறுதி செய்தது. அந்த ஆண்டின் சிறந்த வீரர் கொஜி யமமோட்டோ, குண்டு விழுந்த மறு ஆண்டு ஹிரோஷிமாவில் பிறந்தவர். வெற்றி ஊர்வலம் சமாதான வீதி வழியே போனபோது, கூட்டத்தில் சிலர் இறந்துபோன உறவினர்களின் படங்களை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். அந்தப் படங்களைப் பற்றி எமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஜப்பான் முழுவதற்குமான சம்பியன் பட்டம் 1979 நவம்பர் 4 இல் ஒசாக்காவில் வந்தது. எல்லே விளையாடியவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. கடைசி ஆட்டம், கடைசிச் சுற்று, கார்ப் 4-3 என முன்னிலை. எதிரணியான கின்டெட்சுவுக்கு மூன்று தளங்களிலும் ஆள், ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. பந்துவீச்சாளர் யுடாகா எனட்சு முதலில் ஒருவரை அடிக்க விடாமல் வெளியேற்றினார். அடுத்தவர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு, மூன்றாம் தளத்துக்காரரை ஓடிவரச் செய்யப் பார்த்தார். எனட்சு பந்தைக் கைவிடுமுன்னே அது தெரிந்துவிட, துடுப்புக்கு எட்டாதபடி எறிந்தார். ஓடிவந்தவர் நடுவழியில் அகப்பட்டார். பிறகு துடுப்பாளரும் வீழ்ந்தார். அந்தச் சுற்றில் எனட்சு எறிந்தவை 21 பந்துகள். ஜப்பானில் இன்றும் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

அதே ஆண்டு ஓகஸ்டில் சச்சியோ கினுகசாவின் தோள்பட்டை எலும்பைப் பந்து உடைத்தது. மறுநாளும் அவர் துடுப்போடு வந்தார். மூன்று பந்துகளையும் முழுவீச்சில் விசிறி மூன்றையும் தவறவிட்டார். அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய் ஒருவருக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர் அவர். 2,215 ஆட்டங்கள் ஒன்றையும் விடாமல் தொடர்ந்து ஆடினார்.

1991 இற்குப் பிறகு மறுபடியும் நீண்ட வறட்சி. 2009 இல் புகையிரத நிலையத்துக்கு அருகே புதிய மைதானம் வந்தது. குண்டு விழுந்த நாளில் ஹிரோஷிமாவில் ஆட்டம் வைப்பதில்லை என்ற வழக்கம் 2011 இல் மாறியது. சிலருக்கு அது நெருடலாகவும் இருந்திருக்கலாம். 2015 ஓகஸ்ட் 6 அன்று கார்ப் வீரர்கள் எல்லோரும் ஒரே இலக்கத்தை அணிந்து இறங்கினார்கள்: 86. எட்டாம் மாதம், ஆறாம் நாள்.

அமெரிக்காவில் கிடைக்கவிருந்த பெரும் சம்பளத்தை வேண்டாமென்று விட்டு ஹிரோக்கி குரோடா ஊர் திரும்பியதும் அந்த ஆண்டில்தான். 2016 செப்ரெம்பர் 10 இல், 41 வயதில் அவர் பந்துவீசிய ஆட்டத்தில், மீண்டும் ரோக்கியோவில், மீண்டும் ஜயன்ட்ஸை வென்று 25 ஆண்டுகளின் பின் லீக் கிண்ணம் வந்தது. மைதானத்திலேயே அவர் அழுதார். அவ்வாண்டோடு ஓய்வு பெற்ற அவரின் 15 ஆம் இலக்கத்தை, யமமோட்டோவின் 8, கினுகசாவின் 3 போலவே, கார்ப்பில் இனி வேறெவரும் அணிவதில்லை.