முளைக்காத பல்லும் தாடை நீர்க்கட்டியும்

பால்பல் எப்படியும் விழப்போவதுதானே என்று அதன் சொத்தையைப் பொருட்படுத்தாமல் விடும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அச்சொத்தையின் நோய்த்தொற்று வேர்வழி இறங்கி, கீழே காத்திருக்கும் நிலைப்பல்லைச் சூழ்ந்த பையைத் தாக்கக்கூடும். அப்பைக்கும் பல்லின் தலைப்பகுதிக்கும் இடையே நீர் சேர்ந்து பெருகுவதே பல்சூழ் நீர்க்கட்டி. தொற்று இல்லாமலும் இது தோன்றுவதுண்டு.

இக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. எலும்பை மெல்ல அரித்துப் பெருத்த பின்னரே கன்னம் வீங்கும். ஆதலின், உரிய காலத்தில் வராத பல்லே முதல் அறிகுறி. கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் பொதுவாக 11, 12 வயதில் முளைக்கும். ஒரு பக்கம் முளைத்து 6 மாதம் கடந்தும் மறுபக்கம் முளைக்காவிடின் எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும். அதில் முளைக்காத பல்லின் தலையைச் சுற்றித் தெளிவான விளிம்புடைய கரிய வட்டம் தெரியும். வேறு சில கட்டிகளும் அவ்வாறே தோன்றுவதால், திசுவை நுண்ணோக்கியில் ஆய்ந்தே நோயை உறுதிசெய்வர்.

வளர்ந்தவர்க்குக் கட்டியைப் பல்லோடு அகற்றுவதே பெருவழக்கு. வேர் முற்றாத சிறார்க்கோ, ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் 1892இல் விளக்கிய முறை பெரிதும் உதவுகிறது. பால்பல்லைப் பிடுங்கிக் கட்டியை வாய்ப்புறமாகத் திறந்துவிட்டால் நீர் வடியும், அழுத்தம் குறையும், எலும்பு மீண்டும் வளரும், நிலைப்பல்லும் பல வேளைகளில் தானே மேலெழும். ஆயினும், திறப்பு மூடாமல் காத்து நாள்தோறும் கழுவும் பொறுமை பல மாதங்களுக்கு வேண்டும்.

மலேசியாவில் பள்ளிச் சிறார்க்கான பல் தாதியர் பயிற்சி 1949இல் பினாங்கில் தொடங்கிற்று. இன்றும் ரவாங் போன்ற ஊர்களின் பள்ளிகளைப் பல் மருத்துவக் குழு நாடி வருகிறது. அக்குழு தரும் பரிந்துரைக் கடிதம் புத்தகப்பையிலேயே தங்கிவிடாமல் பெற்றோர் கையைச் சேர்ந்ததா என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டாலே ஒரு பல்லைக் காக்கலாம்.