தழும்பும் ஊசி உருளையும்: வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

எனது இடது கன்னத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. 2009 மார்ச்சில் மாத்தளனில் விழுந்த எறிகணையின் சிதறல் விட்டுப்போனது. இன்றைக்கும் படம் எடுக்கும்போது முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொள்வேன்.

கடந்த வருடம் முகநூலில் ஒரு விளம்பரம் கண்டேன். நுண்ணிய ஊசிகள் பதித்த சிறு உருளை. பதினான்கு நாளில் தழும்பு மறையும் என்றார்கள். பணத்தைக் கட்டினேன். கிளிநொச்சிக்கு வந்த பொதியில் உற்பத்தியாளர் பெயரும் இல்லை, இறக்குமதியாளர் முகவரியும் இல்லை. ஊசியின் நீளம் 1.5 மில்லிமீற்றர் என்று ஒட்டியிருந்தது. சில ஊசிகள் வளைந்திருந்தன. விற்றவருக்கு வட்ஸ்அப்பில் எழுதியதும் எனது இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு வைத்தியரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ளுக்கை துண்டு இருக்கோ பிள்ளை? எக்ஸ்றே எடுத்தனீங்களோ?" என்பதுதான். நான் அதை யோசித்திருக்கவே இல்லை.

ஊசி என்ன செய்கிறது?

ஊசி தோலில் மிகச்சிறு காயங்களை உண்டாக்குகிறது. அவற்றை ஆற்றும்போது உடல் கொலாஜன் என்ற புரதத்தைப் புதிதாக உருவாக்குகிறது. வீட்டுப் பாவனைக்கென விற்கப்படுபவை பெரும்பாலும் 0.2 அல்லது 0.3 மில்லிமீற்றர் நீளமானவை. அவை தோலின் மேற்படையைத் தாண்டுவது அரிது. ஆழமான தழும்பை மாற்றாது. ஆழமான தழும்புக்கு வேண்டிய நீண்ட ஊசி இரத்தம் வரச்செய்யும். அது வைத்தியர் கையில் இருக்க வேண்டியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தழும்புச் சிகிச்சைக்கென அங்கீகரித்த ஊசிக் கருவிகளைக்கூட நேரடியாகப் பொதுமக்களுக்கு விற்க அனுமதிக்கவில்லை.

யார் தொடவே கூடாது?

தோலுக்கடியில் சிதறல் துண்டு இருப்பவர்கள் அந்த இடத்தில் உருட்டக் கூடாது. காயம் ஆறியபின் தடித்து மேலெழும் கெலோயிட் தழும்பு உள்ளவர்களுக்கு ஊசி பட்டால் அது இன்னும் வளரக்கூடும். எமது நிறத் தோலில் இது அதிகம். எரிகாயத் தழும்புகளிலும் காணலாம். நீரிழிவு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், முகத்தில் சீழ்ப்பரு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

யாரிடம் வாங்குவது?

கடை முகவரியும் பற்றுச்சீட்டும் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். பொதியில் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், தொகுதி இலக்கம், ஊசி நீளம், கிருமி நீக்கிய முத்திரை உறை ஆகியவை இருக்க வேண்டும். உறை பிரிந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். நாள் குறித்து வாக்குறுதி தருபவரை நம்ப வேண்டாம். இலங்கையில் மருத்துவ உபகரணங்களை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒழுங்குபடுத்துகிறது. வியாபாரி ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பொருளுக்கும் இதே சோதனை வேண்டும்.

சுத்தம் செய்வது எப்படி?

முதலில் கையையும் முகத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பாவிக்க முன், உருளையின் தலை மூழ்கும்படி 70 வீத அல்ககோலில் பத்து நிமிடம் வைத்து, காற்றில் உலரவிடுங்கள். பாவித்தபின் சுடுநீரிலும் சவர்க்கார நீரிலும் அலசுங்கள். தோலும் இரத்தமும் ஒட்டியிருந்தால் அல்ககோல் உள்ளே போய் வேலை செய்யாது. பிறகு புதிய அல்ககோலில் மீண்டும் பத்து நிமிடம் வைத்து, உலர்ந்ததும் மூடி வையுங்கள்.

கொதிக்க வைத்தால் பிளாஸ்டிக் நெளியும். துவாயால் துடைத்தால் நூல் சிக்கி ஊசி வளையும். சாராயத்தில் அல்ககோல் போதாது. இவ்வளவு செய்தாலும் கருவி முற்றாகக் கிருமியற்றதாகாது.

எனவே அக்கா தங்கையாக இருந்தாலும் ஒரு உருளையை இருவர் பாவிக்கக் கூடாது. ஈரல் அழற்சி பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடும். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் 2018இல் மூடப்பட்ட ஒரு அழகு நிலையத்தில், இரத்தக் கூறுகளுடன் செய்யும் ஊசி முகச்சிகிச்சை பெற்ற சில பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் வெளியிட்டது. அழகு நிலையத்துக்குப் போனால், உங்கள் கண்முன் புதிய உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

ஊசி வளைந்தால் அல்லது மழுங்கினால் உருளையை வீசுங்கள். மூடியுள்ள தடித்த போத்தலில் இட்டுக் கட்டுங்கள். பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடும் வளவில் எறிய வேண்டாம். உருட்டிய நாட்களில் வெயிலில் போனால் தோல் கறுக்கும். எலுமிச்சை, வெள்ளையாக்கும் கிறீம் எதையும் பூச வேண்டாம். சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எனது எக்ஸ்றேயில் நெல்மணியளவு துண்டொன்று தெரிந்தது. உருளை இன்னும் பொதியிலேயே இருக்கிறது. உங்களிடமும் போர்க்காலத் தழும்பு இருந்தால், வாங்க முன் உங்கள் மாவட்ட வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் வைத்திய நிபுணரிடம் போகத் துண்டு கேளுங்கள். அதற்குக் காசு தேவையில்லை. ஒரு நாள் வரிசையில் நின்றால் போதும்.