ரயில் குறைவான தடத்துக்குச் சிக்னல் எதற்கு?

காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது 1865இல். செலவு குறைந்த சிறு தடங்களைப் போடுவதற்காகவே தொடங்கப்பட்ட இந்தியன் டிராம்வே கம்பெனி, அரக்கோணத்திலிருந்து வெறும் 3 அடி 6 அங்குல அகலத்தில் அந்தத் தடத்தைப் போட்டது. பிறகு அது தென்னிந்திய ரயில்வேயோடு சேர்ந்தது, மீட்டர் கேஜ் ஆனது, இன்று செங்கல்பட்டு வரை மின்சார அகலப்பாதையாக ஓடுகிறது. பக்கத்துத் திருப்புட்குழியில் தறி போடுகிறவரும் சரி, விஜயராகவப் பெருமாளைச் சேவிக்க வருகிறவரும் சரி, ரயில் ஏற வேண்டுமென்றால் காஞ்சிபுரத்துக்கோ திருமால்பூருக்கோதான் போக வேண்டும். சென்னை சென்ட்ரல் பக்கம் நிமிடத்துக்கு நிமிடம் ஓடுவதுபோல் இங்கே ரயில்கள் ஓடுவதில்லை. பயணி ரயில்கள் கொஞ்சம். சென்னை நெரிசலைச் சுற்றிக்கொண்டு போகும் சரக்கு ரயில்கள், வாலாஜாபாத்தில் கார்களை ஏற்றிக்கொண்டு புறப்படும் ரயில்கள் என இன்னும் கொஞ்சம்.

இப்படிப்பட்ட தடங்களைப் பார்த்ததும் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும். இத்தனை குறைவாக ரயில் ஓடும் இடத்தில் சிக்னலுக்கும் அதைப் பராமரிக்கும் ஆட்களுக்கும் ஏன் இவ்வளவு செலவு?

அமெரிக்காவின் தனியார் சரக்கு ரயில் நிறுவனங்கள் இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகின்றன. அங்கே சிக்னலே இல்லாத தடத்தில் சரக்கு ரயில் மணிக்கு 49 மைல், அதாவது சுமார் 79 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். எப்படியும் மெதுவாகத்தான் ஓடப்போகிறது என்றால், சிக்னலை எடுத்துவிடுவதால் நிறுவனத்துக்கு நேர நஷ்டமில்லை, பராமரிப்புச் செலவும் மிச்சம். எடுப்பதற்கு அரசின் ரயில்வே நிர்வாகத்திடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் ஒரே தடை.

அப்படிச் சிக்னல் இல்லாத தடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தெற்குக் கரோலினா மாநிலத்தின் கிரானிட்வில் ஊர் அனுபவித்தது. காஞ்சிபுரம் மாதிரியே நெசவை நம்பி வாழ்ந்த ஊர் அது. 2005 ஜனவரி 6ஆம் தேதி அதிகாலை, முந்தைய நாள் வேலை முடித்துப் போன ஊழியர்கள் ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்டைப் பக்கத்துத் தடத்துக்குத் திருப்பியபின் திரும்ப நேராக்காமல் விட்டிருந்தார்கள். சிக்னல் இருந்திருந்தால் சிவப்பு விழுந்திருக்கும். வேகமாக வந்த சரக்கு ரயில் பக்கத் தடத்தில் நுழைந்து, நின்றிருந்த ரயிலில் மோதியது. வந்து மோதிய ரயிலில் இருந்த குளோரின் டாங்கர் கிழிந்து வாயு ஊருக்குள் பரவியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இரவு ஷிப்டில் இருந்த நெசவாலைத் தொழிலாளர்கள். 5,400 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அடுத்த ஆண்டே அந்த ஆலை மூடப்பட்டது.

அதே மாநிலத்தின் கேய்ஸியில் 2018 பிப்ரவரி 4ஆம் தேதி இதே கதை இன்னொரு விதமாக நடந்தது. அங்கே சிக்னல் இருந்தது. புதிய பாதுகாப்புக் கருவி பொருத்தும் வேலைக்காக அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருந்தார்கள். பாயிண்ட் தவறான பக்கம் இருந்ததைச் சொல்ல யாருமில்லை. பயணி ரயில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதி, அதன் ஓட்டுநரும் கண்டக்டரும் உயிரிழந்தார்கள்.

ரயில் குறைந்தால் பழுதும் குறையும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சிக்னல் கருவிகளைக் கெடுப்பது ரயில் மட்டும் அல்ல. மழையும் வெயிலும் எலியும் கேபிளைக் கெடுக்கின்றன, பாட்டரி தானாகவே வலுவிழக்கிறது. இன்னும் சொல்லப்போனால், ரயில் குறைவாக ஓடுவதே ஒரு பழுதை உண்டாக்குகிறது. தண்டவாளத்தில் ஓர் இலேசான மின்சாரத்தை ஓடவிட்டு, ரயில் வந்து நிற்கும்போது அதன் சக்கரமும் அச்சும் அந்த மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடுவதை வைத்துத்தான் 'தடத்தில் ரயில் இருக்கிறது' என்று டிராக் சர்க்யூட் கண்டுபிடிக்கிறது. ரயில் அடிக்கடி ஓடினால் தண்டவாளத்தின் மேல்பரப்பு வெள்ளிபோல் மின்னும். ஓடாவிட்டால் துரு பிடிக்கும். துருவின் மேல் சக்கரம் நின்றால் மின்சாரம் கடக்காமல் போகலாம். ரயில் அங்கேயே நிற்கும், ஸ்டேஷன் மாஸ்டரின் பலகையோ தடம் காலி என்று காட்டும். அமெரிக்காவின் சிகாகோ – கார்பண்டேல் தடத்தில் இந்தப் பயத்தாலேயே பயணி ரயிலுக்குக் குறைந்தது 32 அச்சுகள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். பயணிகளுக்குத் தேவையே இல்லாத பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

நம் ஊர் சிக்னல் மெயின்டெய்னர் செய்யும் வேலை ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் புரியும். பாயிண்ட்டில் நகரும் தண்டவாளத்துக்கும் நகராத தண்டவாளத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரும்புத் துண்டு ஒன்றை வைத்துவிட்டு, பாயிண்ட்டைத் திருப்பச் சொல்லுவார். பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டிக்கொண்டால் கருவி பொய் சொல்கிறது என்று பொருள். ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் நுழையும் சக்கரம் தடம் புரண்டுவிடலாம். அந்தப் பாயிண்ட்டின் மேல் நாளைக்கு நாலு ரயில் போனாலும் நூறு ரயில் போனாலும் இரும்புத் துண்டின் தடிமன் அதேதான், பார்க்கிறவரின் வேலையும் அதேதான்.

இந்தியாவில் இரண்டு பெரிய விபத்துகள் இந்தப் பராமரிப்பின் எடையைக் காட்டின. இரண்டுமே பரபரப்பான தடங்களில் நடந்தவை. 2023 ஜூன் 2இல் ஒடிஷாவின் பாஹாநகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இரும்புத் தாது சரக்கு ரயில் நின்ற பக்கத் தடமான லூப் லைனுக்குள் புகுந்தது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். 2018இல் செய்த வயரிங் மாற்றமும், அன்று ஒரு லெவல் கிராஸிங் தடுப்பை மாற்றும் வேலையில் நடந்த தவறான இணைப்புமே காரணம் என ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கண்டறிந்தார். 2024 ஜூன் 17இல் மேற்கு வங்கத்தின் ரங்காபானி அருகே தானியங்கிச் சிக்னல் அதிகாலையிலேயே பழுதானது. காகித அனுமதியில் ரயில்களை அனுப்பினார்கள். சரக்கு ரயில் ஒன்று காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் மோதியது. சரக்கு ரயிலின் லோகோ பைலட்டும் எக்ஸ்பிரஸின் கார்டும் பயணிகளும் இறந்தனர்.

தமிழ்நாட்டில், ரயில் குறைந்த தடம் ஒன்றில் இந்தக் கேள்வி முகத்தில் அறைந்தது 2025 ஜூலை 8ஆம் தேதி காலை. விழுப்புரம் – மயிலாடுதுறைத் தடத்துக்கு 'மெயின் லைன்' என்று பெயர். ஆனால் திருச்சி பக்கம் போகும் எக்ஸ்பிரஸ்களில் பெரும்பாலானவை விருத்தாசலம் வழியாகப் போய்விடுகின்றன. கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே, செம்மங்குப்பத்தில் உள்ள 170ஆம் எண் கேட்டில் இன்டர்லாக்கிங் இல்லை. அதாவது, கேட் திறந்திருந்தாலும் ரயிலுக்குப் பச்சை விழும். கேட்டை மூடிவிட்டேன் என்று கேட் கீப்பர் போனில் ஒரு 'பிரைவேட் நம்பர்' சொல்லுவார், ஸ்டேஷன் மாஸ்டர் அதை நம்பி ரயிலை விடுவார். அன்று நம்பர் சொல்லப்பட்டது, கேட் மூடப்படவில்லை. பள்ளி வேன் தடத்தில் ஏறியபோது பயணி ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். கேட் கீப்பர் கைதானார்.

அவர்மேல் பழி போட்டு முடித்துவிடுவது எளிது. அந்தக் கேட்டுக்கு ஏன் இன்டர்லாக்கிங் கிடைக்கவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ரயில்வே இதற்கு 'ட்ரெயின் வெஹிக்கிள் யூனிட்' என்ற கணக்கை வைத்திருக்கிறது. ஒரு நாளில் அந்த வழியே போகும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். அந்தத் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் இன்டர்லாக்கிங் வரிசையில் இடம். இந்தக் கணக்கில் ஒரு வேன் என்பது ஒரு யூனிட், அவ்வளவுதான். உள்ளே காய்கறி மூட்டை இருந்தாலும் சரி, சீருடையில் பிள்ளைகள் இருந்தாலும் சரி. ரயில் குறைந்தால் பெருக்குத்தொகையும் சுருங்கும். ஆனால் வரும் ஒரே ரயிலின் முன்னால் நிற்கும் வேனுக்கு ஆபத்து கொஞ்சமும் சுருங்குவதில்லை.

செம்மங்குப்பத்துக்குப் பிறகு அந்த வரம்பைக் குறைக்கவும், இன்டர்லாக்கிங் வேலைகளை விரைவுபடுத்தவும், கேட்களில் கேமரா வைக்கவும் ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வரம்பு எவ்வளவு குறைந்தாலும் அது பெருக்கல் கணக்குதான். பள்ளி வாகனம் தினமும் போகும் கேட் என்றால் எந்தக் கணக்கும் பார்க்காமல் இன்டர்லாக்கிங் செய்ய வேண்டும்.

அரக்கோணம் – செங்கல்பட்டுத் தடம் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தில் வருகிறது. தங்கள் பிள்ளைகளின் பள்ளி வேன் கடக்கும் கேட்டின் எண்ணைப் பெற்றோர் குறித்துக்கொண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோட்ட அலுவலகத்துக்கு மூன்று கேள்விகளை எழுதலாம்: இந்தக் கேட் இன்டர்லாக் செய்யப்பட்டதா, இல்லையென்றால் எந்தத் தேதிக்குள் செய்யப்படும், இங்கே வாகனக் கணக்கெடுப்பு கடைசியாக எப்போது நடந்தது.