தீங்கற்ற வைரசு: பொலனறுவைக் குரங்குகள் உணர்த்துவன

வைரசு என்றதும் நோயையும் மரணத்தையுமே எண்ணிப் பழகியுள்ளோம். ஆயின், காட்டுக் குரங்கினங்களின் உடலில் யாதொரு நோயையும் தோற்றுவிக்காது வாழும் வைரசுக்கள் பல கண்டறியப்பட்டுள்ளன. இவற்றைத் 'தீங்கற்றவை' என்பது எவ்வளவு பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. பொலனறுவையில் வாழும் செங்குரங்குகளை 1968 முதல் வொல்ப்காங் டிட்டஸ் ஆராய்ந்து வந்துள்ளார். அக்குரங்குகளின் குருதியைச் சோதித்த முடிவுகள் 1999 இல் வெளியாயின. 1986 ஒக்டோபருக்கும் 1987 பெப்ரவரிக்குமிடையில், 3 சதுர கிலோமீற்றர் பரப்பில் வாழ்ந்த குரங்குகளுள் 94 சதவீதமானவை டெங்கு வைரசின் தொற்றுக்குள்ளாகியிருந்தன. தொற்று விட்டுச்செல்லும் தடயமாகிய பிறபொருளெதிரிகளே இதனைப் புலப்படுத்தின. டெங்கு தொற்றினும் குரங்குகள் பொதுவாக நோயுறுவதில்லை. அவ்வைரசே 2017 இல் இலங்கையில் 1,80,000 இற்கு மேற்பட்டோரைப் பீடித்து, நூற்றுக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது.

எனவே, தீங்கின்மை வைரசின் உள்ளார்ந்த இயல்பன்று. வைரசுக்கும் அது குடிகொள்ளும் உயிருக்குமிடையே நெடுங்காலமாக உருவான உறவின் பெயரே அது. உறவு மாறின் விளைவும் மாறும். அம்மாற்றத்தை விரைவுபடுத்துவதில் மனித சமுதாயத்தின் பொருளாதாரச் செயற்பாடுகளுக்குப் பெரும் பங்குண்டு.

போலியோத் தடுப்புமருந்து உற்பத்திக்கென இந்தியாவிலிருந்து றீசஸ் குரங்குகள் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்யப்பட்டன. அவ்வினக் குரங்கின் சிறுநீரகக் கலங்களில் மறைந்திருந்த எஸ்.வி. 40 என்னும் வைரசை 1960 இல் சுவீற், ஹில்மன் ஆகியோர் வெளிப்படுத்தினர். குரங்குக்குத் தீங்கிழைக்காத அது, சோதனைச்சாலை ஹாம்ஸ்ரர்களிற் புற்றுக்கட்டிகளைத் தோற்றுவித்தது. மனிதரில் அவ்வாறு நேர்ந்ததென நிறுவப்படவில்லை. எனினும், தடுப்புமருந்தின் வழியாகக் கோடிக்கணக்கானோர் அவ்வைரசை எதிர்கொண்டிருந்தனர். குரங்கு ஏற்றுமதியை இந்தியா 1978 இல் தடைசெய்தது.

இவ்வரலாறு நமக்கும் அந்நியமானதன்று. ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை 2023 இல் இங்கு முன்வைக்கப்பட்டு, எதிர்ப்பின் பின்னர் கைவிடப்பட்டது. பயிரிழந்த விவசாயியின் துயர் மெய்யானது. ஆனால் உயிரினத்தைச் சந்தைப் பண்டமாக்குவது அதற்குத் தீர்வாகாது.

கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் டெங்கைப் பரப்புவது குரங்கன்று. தேங்கிய நீரிற் பெருகும் நுளம்பு. அந்நீர் ஏன் தேங்குகின்றது, வடிகாலற்ற குடியிருப்புக்கள் யாருக்கு விதிக்கப்பட்டன என்னும் வினாக்கள் உயிரியலோடு முடிவனவல்ல. காட்டில் அமைதியாயிருக்கும் வைரசு நகரிற் கொல்வதேன் என்பதை விளக்க, சமூகவியலும் வேண்டப்படுகின்றது.